அக்காவுக்குத் தர வேண்டிய ஈரல்

"குடிப்பீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

இந்த ஊர் மொழி எனக்குப் பாதிதான் புரியும். அதனால் என்னோடு வேலை செய்யும் கொசுவைத் துணைக்கு அழைத்துப் போயிருந்தேன். ஆள் ஒல்லி, பேச்சு ஓயாது. அதனால் அந்தப் பெயர்.

"இவனா? இருமல் மருந்துக்கே தள்ளாடுவான்னு சொல்லிட்டேன்டா," என்று என் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

டாக்டர் சிரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். ஈரலின் நிலையைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. என்ற வரியில் நாற்பதுக்குள் இருக்க வேண்டிய எண் முந்நூற்றைத் தாண்டியிருந்தது.

ஊரில் அக்காவின் ஈரல் கெட்டுப்போய்விட்டது. மாற்றினால்தான் பிழைப்பாள். அத்தானின் ரத்தம் சேரவில்லை, அம்மாவுக்குச் சர்க்கரை. ஈரலில் ஒரு துண்டைத் தர மிஞ்சியவன் நான் ஒருவன்தான். இங்கேயே ரத்தம் பார்த்து அனுப்பச் சொன்னார்கள். சரியாக இருந்தால் உடனே விமானம் ஏறுவதாக ஏற்பாடு.

"என் ஈரலும் போச்சான்னு கேளு."

"போகலையாம். இந்த என்சைம் ஈரல் செல்லுக்குள்ள இருக்க வேண்டியதாம். செல்லு அடிபட்டா ஓட்டைப் பானை மாதிரி ஒழுகி ரத்தத்துல கலந்துடுமாம். ஒழுகுதுன்னு மட்டும்தான் இந்தத் தாள் சொல்லும். எதனாலன்னு சொல்லாதாம். மாத்திரை எதாவது போடுறியான்னு கேக்குறாரு."

"முதுகு வலிக்கு. பெட்டி தூக்குற அன்னைக்கு மட்டும்."

"தினமும்தான்டா தூக்குற."

டாக்டர் அடுத்ததாக ஏதோ கேட்டார். கொசு அதை எனக்குச் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து சிறிய சளிப் பொடிப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான்.

நாங்கள் வேலை செய்வது உறையவைத்த உணவை அடுக்கும் குளிர்கிடங்கில். உள்ளே போய்ப் பெட்டிகளை அடுக்கிவிட்டு விரல் மரத்து வெளியே வந்தால், வெந்நீரில் அந்தச் சளிப் பொடியைக் கரைத்துக் குடிப்போம். எலுமிச்சை மணக்கும், உடம்பு சூடாகும். கெட்டில் பக்கத்தில் டப்பா எப்போதும் திறந்தே கிடக்கும். அதை மருந்து என்று எங்களில் யாரும் நினைத்ததே இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று முதல் கோப்பையை நீட்டியவன் கொசுதான். "குடிடா, எலும்புல இருக்கிற ஐஸே உருகிடும்."

டாக்டர் பொட்டலத்தைத் திருப்பி ஒரு சொல்லின் கீழ் கோடு போட்டார். பாரசிட்டமால். என் வலி மாத்திரையும் அதுவேதான்.

"ரெண்டும் சேர்ந்து அளவு மீறி ஈரலை அடிச்சிருக்காம். நிறுத்தினா சில வாரத்துல இறங்கிடுமாம்," என்றான் கொசு. "அதுவரைக்கும் கத்தி வைக்க மாட்டாங்களாம். அடிபட்ட ஈரலை வெட்டினா உன் உயிருக்கும் ஆபத்தாம், அக்காவுக்கும் ஆகாதாம்."

"ஒரு வாரத்துல இறங்காதான்னு கேளு."

"கேட்டேன்டா."

"இன்னொரு தடவை கேளு."

கேட்டான். டாக்டர் இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார்.

பேருந்து நிறுத்தத்தில் கொசு, "என்னைச் செருப்பால அடி மச்சான்," என்றான். அடிக்க என்னிடம் கோபம்கூட இல்லை. ஊருக்குப் போன் போட்டேன். அக்காவே எடுத்தாள்.

"டிக்கெட் போட்டாச்சாடா? உன் ஈரலோட உன் சோம்பேறித்தனமும் சேர்ந்து வந்துடுமோன்னு உங்க அத்தான் பயந்துபோய்க் கிடக்கிறாரு."

நான் சொன்னேன். பொடி, மாத்திரை, எண், வாரங்கள்.

"உன்கிட்ட எதைக் குடுத்தாலும் உருப்படியா வெச்சுக்கத் தெரியாதேடா," என்றாள் கடைசியில். சிரிப்பு இருமலாக மாறியது. "சரி விடு. இனிமே வெறும் வெந்நீர் குடி. குளுருக்குப் போதும். அப்புறம்..."

"அக்கா?"

"தூங்கிட்டாப்பா." ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அத்தானின் குரல். "இப்பல்லாம் பேசிக்கிட்டு இருக்கும்போதே இப்படி ஆயிடுறா. எழுப்பினாலும் அவளுக்கு ஆளே அடையாளம் தெரியல. இந்த வாரத்தைத் தாண்டுறதே கஷ்டம்னு டாக்டர் காலையிலதான் சொன்னாரு. அவகிட்ட இன்னும் சொல்லல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சில வாரத்துல சரியாயிடும்னாங்களா?" என்று கேட்டார்.

"ஆயிடும்னாங்க அத்தான்."

"உனக்கு," என்றார். அதில் கோபம் இல்லை. கணக்கைச் சரிபார்த்துக்கொள்பவர்போல மெல்லத்தான் சொன்னார்.

அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. பேருந்து வந்து, நின்று, எங்களை விட்டுவிட்டுப் போனது. போனில் அக்கா மூச்சு விடுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.