கருணைத் தேதி

1

இந்தக் கதையை எதிர் மேசையிலிருந்து திருடினேன். திருட்டு என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. திராசிவுலோஸ் தன் மடிக்கணினியை ஊருக்கே காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காபிக்கடையில் கண்ணுள்ளவன் வேறு எங்கேதான் பார்ப்பது?

நான் எழுதிய முதல் வரி இப்படி இருந்தது: "அன்று கடல் அமைதியாக—"

அடித்துவிட்டேன். கடலுக்கும் வீட்டுவரிக்கும் என்ன சம்பந்தம்?

அடுத்தது: "திராசிவுலோஸ் ஓர் அறிவாளி." பொய்தான். இருந்துவிட்டுப் போகட்டும். அவர் இதைப் பார்த்தால் இதோடு படிப்பதை நிறுத்திவிட்டு எனக்கு ஒரு காபி சொல்லுவார்.

2

சுங்கத்துறையில் ஓய்வுபெற்ற நாளிலிருந்து அவர் ஓர் எக்செல் அட்டவணை வைத்திருக்கிறார். வீட்டுவரி, கார்வரி, மின்சாரம், காப்பீடு, பூனைக்குத் தடுப்பூசி என்று எதற்கெல்லாம் கெடு உண்டோ அத்தனையும் அதில் இருக்கின்றன. கெடு நெருங்கினால் பச்சைக் கட்டம் மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும். கட்டங்கள் ஏராளம். ஒருநாள் வலப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போனவர் துருக்கி எல்லையைத் தாண்டிவிட்டார்.*

(*கடவுச்சீட்டு கேட்டார்களாம். எங்கள் அலெக்ஸாந்த்ருபோலியிலிருந்து எல்லை பக்கம்தான் என்பதால் நம்பினேன்.)

"கெடு" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் "கருணைத் தேதி" என்று இன்னொரு கட்டம். கிரேக்க நாட்டில் எந்தக் கெடுவும் சொன்ன நாளில் முடிவதில்லை. கடைசி நாள் மாலை எட்டு மணிச் செய்தியில் மந்திரி சிரிப்பார், கெடு தள்ளிப்போகும். சொன்ன தேதியில் கட்டுகிறவர்கள் வெளிநாட்டுக்காரர்களும் புதிதாகக் கல்யாணமானவர்களும்தான். மற்றவர்கள் இதை மனதோடு வைத்துக்கொள்வார்கள். இவர் சூத்திரமாகவே போட்டுவிட்டார். நிறம் மாறுவது அந்தக் கருணைத் தேதியை வைத்துத்தான்.

வேறு எந்த நாட்டுக்காரனுக்கும் இந்த முட்டாள்தனம் வராது. அதற்கு அரசாங்கத்தின் மேல் அத்தனை அவநம்பிக்கையும் அத்தனை நம்பிக்கையும் ஒருசேர வேண்டும்.

3

அவர் மனைவி எவாந்தியாவை முதல் வரைவில் அழவைத்திருந்தேன். ஒட்டவில்லை. தேனீ கொட்டினால் தேனீயைத் திட்டுகிறவள் அவள். (அழுகிற பெண் என்றால் பக்கம் சீக்கிரம் நிறையும். அந்த ஆசைதான்.)

மலைச்சரிவில் அவள் அப்பா விட்டுப்போன நிலம் இருக்கிறது. அதில் அவளுடைய தேன்கூட்டுப் பெட்டிகள். அவளுக்கென்று இருப்பது அது ஒன்றுதான். நிலத்தைப் பதிவு செய்ய இன்று கடைசி நாள். தவறினால் "உரிமையாளர் தெரியவில்லை" என்று எழுதி அரசு எடுத்துக்கொள்ளும்.

காலையில் கடைக்கே வந்துவிட்டாள்.

"இன்னிக்குத்தானே கடைசி நாள்?"

"பச்சையா இருக்கு பாரு."

"நான் நிலத்தைக் கேக்கறேன், நீங்க கலரைச் சொல்றீங்க."

"எட்டு மணிக்கு மந்திரி தள்ளிப்போடுவார்டி. இன்னிக்கே போய் நின்னா ஊர் சிரிக்கும்."

"தள்ளிப்போடலேன்னா?"

திராசிவுலோஸ் திரையை மேலும் கீழும் பார்த்தார்.

"அதுக்குக் கட்டம் இல்லே."

அவள் போய்விட்டாள். அவர் இன்னொரு காபி சொன்னார். தனக்கு மட்டும்.

4

முடிவு (அ): எவாந்தியா வீட்டுத் தொலைக்காட்சியில் எட்டு மணிக்கு அவள் பார்க்க மந்திரி சிரிக்கிறார், கெடு தள்ளிப்போகிறது, திராசிவுலோஸ் எல்லோருக்கும் ஊசோ சாராயம் வாங்கி ஊற்றுகிறார். கடைசிப் பகுதியை எந்த வாசகரும் நம்பமாட்டார். தவிர, மடையனுக்கு அரசாங்கச் செலவில் பரிசு கொடுக்க எனக்கு மனமில்லை.

முடிவு (ஆ): மந்திரி துறைமுகத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுகிறார். நிலம் போகிறது. தேனீக்கள் அரசு ஊழியர்களாகி, வெள்ளிக்கிழமை விடுப்பெடுக்கின்றன. தன் அப்பா தன் அப்பாதான் என்று நிரூபிக்க எவாந்தியா நீதிமன்றம் ஏறுகிறாள். சோகமான முடிவு, விமர்சகர்களுக்குப் பிடிக்கும். இதையே எழுதத் தொடங்கினேன்:

"எட்டு மணிக்கு எவாந்தியா தொலைக்காட்சியின் முன்னால்—"

5

வரி நின்றதற்குக் காரணம், எவாந்தியாவே என் மேசை முன்னால் வந்து நின்றதுதான். நிலப் பத்திரங்களை ஒரு தலையணை உறையில் திணித்துக் கக்கத்தில் வைத்திருந்தாள்.

"என்ன பெரியவரே, எழுதறீங்க?"

"உன் கதைதான். முடிவுக்கு வந்துட்டேன்."

பிடுங்கிப் படித்தாள்.

"ரெண்டுலயும் நான் வீட்ல உக்காந்து டிவி பாக்கறேன்."

கவனிக்கவில்லை. உண்மைதான்.

"உங்க வண்டி ஓடுதா?"

"ஓடும். இந்தப் பக்கத்தை மட்டும் முடிச்சிட்டு—"

"ஆபீஸ் ரெண்டரைக்குப் பூட்டிடுவாங்க. முடிவைப் படிக்கிறவங்க எழுதட்டும். சும்மாத்தானே உக்காந்திருக்காங்க!"

மணி இரண்டு. அலுவலகம் ஊரின் மறுகோடியில். அங்கே இன்று ஈ காக்கை இருக்காது என்று திராசிவுலோஸ் சத்தியம் செய்கிறார். அதனாலேயே வரிசை தெருவரை நிற்குமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

"எட்டு மணி வரைக்கும் பொறுடி!" என்று பின்னாலிருந்து கத்துகிறார்.

"நீங்க பொறுங்க. உங்களுக்குத்தான் பச்சையா இருக்கே!"

எழுந்துகொண்டே எழுதுகிறேன். பேனா மேசையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். என் வண்டி மேட்டில் கொஞ்சம் திணறும், அதையும் பார்த்து எழுதுங்கள். அவளை இரண்டரைக்குள் அந்தக் கதவுக்கு உள்ளே சேர்ப்பது இனி உங்கள் பாடு.