முப்பத்தொரு முழுப்புள்ளி

இடைவேளை மணி அடிப்பதற்குள் முப்பத்தொரு தாள்களையும் திருத்தி முடித்துவிட்டாள் நிலூஷா. மூன்றாம் தரப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பத்துக்குப் பத்துப் புள்ளி. கதையை வாசித்து விடையெழுதும் கிரகித்தலில் பன்விலப் பக்கம் இப்படியொரு வகுப்பு இல்லை என்று பேச்சு. அவளது முறையைப் பார்க்கத்தான் இடைவேளைக்குப் பிறகு ஆசிரிய ஆலோசகர் வருகிறார். முறை எளிது. முதலில் கேள்வியை வாசி. அதிலுள்ள சொல்லைப் பந்தியில் தேடு. அந்த வசனத்தைப் பார்த்து எழுது.

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே போனதும், பக்கத்து வகுப்பு பஸ்லினா டீச்சர் பிளேன்டீயோடு வந்து ஒரு தாளை எடுத்தாள். திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள்.

"ஏன்டி, மானுக்கு என்ன நடந்த?"

"எந்த மான்?"

"முன் பக்கத்துல மான் குழியில விழுந்தீக்கி. பின் பக்கத்துல ஒரு பொடியன் பேராதனை ஸ்டேஷன்ல வடை தின்டுக்கிட்டு ஈக்கிறான். மானை யாரு தூக்கின, அவனா?"

பஸ்லினா சிரித்தாள். நிலூஷா தாளைப் பிடுங்கினாள். போட்டோ கொப்பிக் கடையில் பின்பக்கத்தில் வேறொரு கதையின் இரண்டாம் பக்கத்தை அடித்துவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்தப் பக்கத்துக்கான கேள்விகள் இருந்தன. அதனால் விடைகள் எல்லாம் சரி.

பிழை கடைக்காரனுடையது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் முப்பத்தொரு தடவை அந்தத் தாளைத் திருப்பியது அவள் கைதானே? ஒரு தடவைகூடச் சிவப்புப் பேனை தயங்கவில்லை. தான் கடைசியாக எதையாவது உண்மையில் வாசித்தது எப்போது?

பிள்ளைகள் திரும்பி வந்ததும் கேட்டாள்: "இந்தக் கதையில ஒரு பிழை இருக்கு. யாருக்காவது தெரிஞ்சதா?"

ஒன்றிரண்டு கைகளை எதிர்பார்த்தாள். கிட்டத்தட்ட எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?"

முன் வாங்கிலிருந்த நதா எழுந்தாள். "மானு பாவமா இருந்துச்சு டீச்சர். ஆனா கேள்வியில அது வரலையே. கேள்வியில இல்லாதத யோசிச்சா நேரம் போயிரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது அவள்தான். ஒரு நாளல்ல, எத்தனையோ நாள், பெருமையோடு. அப்போது இது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. இப்போது அந்தச் சின்ன வாயிலிருந்து திரும்பிக் கேட்கையில் யாரோ கன்னத்தில் அறைந்தது போலிருந்தது.

வாசலில் ஆலோசகர் நின்றார். "டீச்சர், உங்கட முறையக் கொஞ்சம் காட்டுங்களேன்."

காட்டினால் போதும், பாராட்டுக் கிடைக்கும். நிலூஷா மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்டைக்கு நான் கேள்வி கேக்கல்ல சேர். பிள்ளைகள் கேக்கட்டும்." வகுப்பின் பக்கம் திரும்பினாள். "மானைப் பத்தி என்ன தெரிஞ்சுக்க ஆசை? என்னன்டாலும் கேளுங்க."

ஒரு கையும் உயரவில்லை. முப்பத்தொரு பிள்ளைகளும் பென்சிலை எடுத்து, கொப்பியில் ஒன்று என்று இலக்கமிட்டு, அவள் முதலாவது கேள்வியைக் கரும்பலகையில் எழுதும்வரை பேசாமல் காத்திருந்தார்கள்.