செருப்புத் தகடு

ஸ்குவாட்ரன் என்ற அந்த விமானப் பிரிவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'துருவி' என்றால்தான் தெரியும். எதையும் துருவித் துருவிக் கேட்காமல் அவளால் இருக்க முடியாது. பயிற்சிக் காலத்தில் எஞ்சின் பாடம் எடுத்தவர் ஒருநாள் வகுப்பு நடுவில் கைகூப்பி, "அம்மா தாயே, எனக்குப் பசிக்குது, விட்டுடு" என்று கெஞ்சியதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. இப்போது விமானப்படையில் மீட்பு ஹெலிகாப்டர் ஓட்டும் மூத்த விமானி. கீழே இருப்பவர்கள் எதிரில் 'மேடம்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'துருவி' என்பார்கள். இரண்டுக்கும் அவள் திரும்பிப் பார்ப்பாள்.

அன்று காலை கமாண்டர் எல்லோரையும் விமானிகள் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலி போதாமல் பாதிப் பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"நம்ம ஆறு ஹெலிகாப்டரும் தரைப்படைக்குப் போகுது. மூணு மாசத்துல ஒப்படைக்கணும்."

சுவரோரம் நின்ற யாரோ, "அப்ப நாங்க சார்?" என்றார்கள்.

"இஷ்டம் இருக்கிறவங்க கூடவே போகலாம். சட்டையை மாத்திக்கணும், அவ்வளவுதான். மத்தவங்க இங்கேயே இருக்கலாம். ஆனா ஓட்டுறதுக்கு என்ன கிடைக்கும்னு என்கிட்ட கேக்காதீங்க. எனக்கே தெரியாது."

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மலையில் நிற்கும் சிப்பாய்க்கு ஹெலிகாப்டர் வேண்டுமென்றால் கோரிக்கை ஒரு படையின் அலுவலகத்தில் படியேறி, இன்னொரு படையின் அலுவலகத்தில் படியிறங்கி வர வேண்டும். வண்டியே எங்களிடம் இருந்துவிட்டால் என்ன என்று தரைப்படை பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நியாயம் என்று மனசு சொன்னாலும் வயிறு எரிந்தது. அவளுடைய துணை விமானி, "பெத்த பிள்ளையைத் தத்துக் கொடுக்கிற மாதிரி இருக்கு" என்றான். ஹெலிகாப்டர் கதவில் தொங்கிக்கொண்டு கயிறு இறக்கி ஆட்களைத் தூக்கும் வேலை செய்பவரை எல்லோரும் வின்ச் அண்ணன் என்பார்கள். அவர், "பிள்ளையாவது போகும்போது அழும். இது அதுவும் பண்ணாது" என்று எழுந்து போனார்.

துருவிக்கும் கோபம் வந்தது. ஆனால் கோபத்துக்குப் பின்னாலேயே ஒரு குறுகுறுப்பும் வந்து நின்றது. வரப்போகிறவர்கள் யார்? எப்படி ஓட்டுவார்கள்? வீடு பறிபோகும் நேரத்தில் புதுக் குடித்தனக்காரர் என்ன சமைப்பார் என்று யோசிக்கிறோமே என்று அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கணவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான்.

"நீ போகப்போறியா?"

"தெரியல. போனா வேற ஊர். உங்க கடை?"

"கடையைப் பத்தி அப்புறம் பேசலாம். உனக்கு அவங்களைப் பார்க்கணும்னு இருக்கு, அதானே?"

அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்து நகர்த்தி வைத்தாள். அவன் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

தரைப்படை ஆட்கள் அடுத்த வாரம் ஒரு லாரியில் வந்து இறங்கினார்கள். சில விமானிகள், சில மெக்கானிக்குகள். ஹெலிகாப்டர் நிறுத்தும் ஹேங்கரின் ஒரு மூலையில் பாயை விரித்தாற்போல் அடக்கமாக இடம் பிடித்துக்கொண்டார்கள். கெட்டில்கூடச் சொந்தமாகக் கொண்டுவந்திருந்தார்கள். விமானப்படைக்காரர்கள் வானிலை பற்றிப் பேசினால் அவர்கள் சேறு பற்றிப் பேசினார்கள். ஹெலிகாப்டரை 'வண்டி' என்றார்கள். இரண்டே நாளில் வின்ச் அண்ணனும் 'வண்டி' என்று சொல்ல ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவர்களில் ஒரு மெக்கானிக் மட்டும் புதிராக இருந்தார். நாற்பதைத் தாண்டியவர், லேசாகக் காலைச் சாய்த்து நடப்பார். மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் ஏதாவது ஒரு ஹெலிகாப்டரின் பின்பக்கம் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். சாப்பாட்டு மணி முடியும்போது இறங்கி வருவார். ஒருநாள் ஒரு ஹெலிகாப்டர், மறுநாள் இன்னொன்று. இரண்டு வாரத்தில் அவருக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"தூங்கறதுக்கு நம்ம வண்டிதான் கிடைச்சுதா?" என்று வின்ச் அண்ணன் முணுமுணுத்தார்.

துருவிக்கு அது தூக்கமாகத் தோன்றவில்லை. தூங்குகிறவன் நிழலான இடம் பார்த்துப் படுப்பான். இந்த மனிதர் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த ஹெலிகாப்டரிலும் ஏறினார். ஒருநாள் பொறுக்க முடியாமல் போய்க் கதவைத் திறந்தாள்.

அவர் தரையில் மல்லாந்து படுத்திருந்தார். கண் இரண்டும் அகலத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் வாரிச் சுருட்டி எழுந்தார்.

"மன்னிச்சிடுங்க மேடம். தூங்கல."

"தெரியுது. என்ன பண்றீங்க?"

"தேடறேன்."

"எதை?"

அவர் கதவு ஓரத்தில் உட்கார்ந்து காலை வெளியே தொங்கவிட்டார். சொல்லலாமா வேண்டாமா என்று சற்று யோசித்தவர்போலத் தெரிந்தது. பிறகு சொன்னார். பல வருடம் முன்பு அவர் மெக்கானிக் இல்லை, சாதாரணக் காலாட்படைச் சிப்பாய். எல்லைக்குப் பக்கத்தில் வெடியில் தொடை கிழிந்தபோது இந்த ஸ்குவாட்ரனின் ஹெலிகாப்டர் ஒன்றுதான் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தது. தரையில் ஸ்ட்ரெச்சரில் கிடத்திப் பட்டை போட்டுக் கட்டிவிட்டார்கள். தலையைத் திருப்ப முடியாது.

"வழி பூரா நான் பார்த்தது கூரையை மட்டும்தான் மேடம். கூரையில ஒரு தகடு. செருப்போட அடிப்பாகம் மாதிரியே இருக்கும். குதிகால், இடுப்பு, முன்பக்கம், அப்படியே. சுத்திலும் ஆணி. கண்ணை மூடினா போயிடுவோம்னு பயம். அதனால அந்தச் செருப்பையே பார்த்துக்கிட்டு வந்தேன். கால் சரியானதும் மெக்கானிக் வேலைக்கு மாத்திக் கேட்டேன். இந்த வண்டியெல்லாம் எங்களுக்கு வருதுன்னு தெரிஞ்சதும் நானே பேர் கொடுத்து வந்தேன். எது அந்த வண்டின்னு பார்க்கணும். அவ்வளவுதான்."

"கிடைச்சுதா?"

"எங்க கிடைக்குது? அப்ப கூரையில துணி இல்ல, இப்ப எல்லாத்துலயும் மெத்தைத் துணி போட்டு மூடி வெச்சிருக்கீங்க."

அவள் தலையை உள்ளே நீட்டிக் கூரையைப் பார்த்தாள். பிறகு ஏறிப் போய், அவர் படுத்திருந்த இடத்திலேயே மல்லாந்து படுத்தாள். அவர் சங்கடத்தோடு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

தரையிலிருந்து பார்த்தால் அது வேறு ஹெலிகாப்டர். முன்னால் விமானிகளின் முதுகுப்பலகை மட்டும் சுவர்போல நின்றது. ஜன்னலில் மலை இல்லை, பாதை இல்லை, வெறும் வெளுத்த வானம் மட்டும். ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று தெரிய வழியே இல்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரை இந்தத் தரையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். ஊரில் உள்ள அத்தனை கேள்வியையும் கேட்டவள், அங்கே கிடந்தால் எப்படி இருக்கும் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

நேராகத் தலைமைப் பொறியாளரிடம் போனாள். சிடுசிடுப்பான மனிதர்.

"கூரைத் துணியைக் கழட்டணுமா? எதுக்கு?"

"ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி அடியில துரு இருக்கான்னு பார்க்க வேண்டாமா சார்?"

"துருவிக்குத் துரு பார்க்கணுமாம்" என்றார் அவர், முகம் மாறாமல். "பார்க்கத்தான் வேணும். அடுத்த வாரம் பார்க்கலாம்னு இருந்தேன். உனக்கு இன்னிக்கே பார்த்தாத்தான் தூக்கம் வரும்னா கழட்டு."

முதல் ஹெலிகாப்டரின் துணியை அவிழ்க்க அந்த மெக்கானிக்கே வந்தார். வின்ச் அண்ணனும் விஷயம் கேள்விப்பட்டு, வேலை இல்லாதவர்போல வந்து நின்றார். ஓரத்துப் பொத்தான்களைக் கழற்றித் துணியை உரித்ததும் பழைய பஞ்சும் தூசியும் கொட்டின. அடியில், நடுக்கூரையில், செருப்பு இருந்தது. குதிகால், இடுப்பு, முன்பக்கம். அவர் சொன்னபடியே.

அவர் கையை உயர்த்தித் தொட்டார். வின்ச் அண்ணன் கீழே கொட்டிய பஞ்சைப் பொறுக்க ஆரம்பித்தார். துருவிக்கு ஏதோ பரீட்சை பாஸ் பண்ணிவிட்டாற்போல் இருந்தது.

மறுநாள் இரண்டாவது ஹெலிகாப்டரின் துணியைக் கழற்றினார்கள். அதிலும் செருப்பு இருந்தது.

மூன்றாவதிலும் இருந்தது. பொறியாளர் எட்டிப் பார்த்து, "இது என்ன அதிசயமா? வின்ச் கொக்கிக்குப் பலம் வேணும்னு தொழிற்சாலையிலேயே அடிச்சு அனுப்பற தகடு. எல்லாத்துலயும் இருக்கும்" என்றார். "நேத்தே என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்கதான் துரு பார்க்கிறதா சொன்னீங்க."

மெக்கானிக் ஏணியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாத சிரிப்பு. வின்ச் அண்ணனுக்கும் தொற்றிக்கொண்டது. துருவி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு விஷயம் பாதியில் நிற்பது ஆகாது.

"வேற என்ன ஞாபகம் இருக்கு? கண்ணு பார்த்தது போகட்டும். காது?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சத்தம் தாங்கலைன்னு கூட வந்த டாக்டர் என் காதுல ஹெட்போன் மாட்டிவிட்டார் மேடம். அதுல விமானிங்க பேசறது கேட்டுச்சு. சொன்னா நம்ப மாட்டீங்க. வீட்டுல குழாய் ஒழுகுதுன்னு பேசிக்கிட்டு வந்தாங்க. வாஷர் போயிருக்கும்னு ஒருத்தர், இல்ல மரையே தேஞ்சிருக்கும்னு இன்னொருத்தர். நான் இங்க ரத்தம் ஒழுகக் கிடக்கேன், இவங்களுக்குக் குழாய்தான் பெரிசாப் போச்சான்னு எனக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்துலதான் முழிச்சுக்கிட்டே வந்தேன்னு நினைக்கிறேன்."

வின்ச் அண்ணன் நிமிர்ந்தார். "குழாயா? அப்ப அது பெரிசுதான். வேற யாரு பறக்கும்போது வீட்டு ரிப்பேர் பேசுவாங்க?"

பெரிசு என்பவர் ஓய்வு பெற்றுப் போன விமானி. துருவிக்கு முதல் கமாண்டர். அவள் அங்கேயே ஹேங்கர் மூலையில் நின்றபடி போனில் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தாள். விஷயத்தைச் சொன்னதும் பெரிசு கேட்டார்:

"தொடையில அடிபட்ட சிப்பாயா?"

"ஆமா சார். இங்கதான் இருக்கார்."

"கால்?"

மெக்கானிக் போன் பக்கம் குனிந்தார். "இருக்கு சார். நடக்கிறேன். கொஞ்சம் சாயும்."

"நல்லது" என்றது அந்தக் குரல். பிறகு, "ரொம்ப நல்லது" என்றது.

துருவியால் அடக்க முடியவில்லை. "சார், அவருக்குத் தைரியம் வரணும்னுதானே குழாய்ப் பேச்சு பேசினீங்க? ஒண்ணும் பெரிய விஷயம் இல்லைன்னு காட்டறதுக்கு?"

"அப்படின்னு சொன்னா நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா குழாய் நிஜமாவே ஒழுகிச்சு. அன்னிக்கு வீட்டுக்குப் போனா சமையலறை பூரா கணுக்கால் தண்ணி. என் வீட்டுக்காரி பேசின பேச்சு இன்னும் ஞாபகம் இருக்கு. அதனாலதான் அந்த நாளும் ஞாபகம் இருக்கு. அவர் காதுல ஹெட்போன் இருந்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நல்லதா ஏதாவது பேசியிருப்பேன்."

"வேண்டாம் சார். அதுவே போதும்" என்றார் மெக்கானிக்.

"எந்த ஹெலிகாப்டர் சார் அது?" என்று கேட்டாள் துருவி.

"இப்ப உங்ககிட்ட இருக்கிற ஆறுல இல்ல. அது ஏழாவது. அடுத்த வருஷமே ஆத்துப் படுகையில இறங்கும்போது ஒடிஞ்சு போச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதைக் கழட்டித்தான் மத்ததுக்கெல்லாம் உதிரிப் பாகம் போட்டோம். எது எதுல போச்சோ, யாருக்குத் தெரியும்."

போனை வைத்தபின் மெக்கானிக் ஏமாந்துபோவார் என்று துருவி எதிர்பார்த்தாள். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "சரி, தீர்ந்தது. மீதி மூணையும் கழட்டணும்ல? துரு பார்க்க" என்று ஏணியை நகர்த்தினார். அன்றிலிருந்து சாப்பாட்டு மணிக்கு எல்லோரோடும் சாப்பிடப் போனார். விமானப்படைக்காரர்கள் அவருக்குத் தங்கள் மேசையில் இடம் விட்டார்கள். தூங்குமூஞ்சி என்ற பெயர் மட்டும் போகவில்லை. அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

ஒப்படைப்புக்கு முந்தைய வாரம் கமாண்டர் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு முடிவு கேட்டார். துணை விமானி சரக்கு விமானத்துக்கு மனுப் போட்டிருந்தான். வின்ச் அண்ணன், "முழங்கால் ஒத்துழைக்கல சார், நான் இங்கேயே ரிட்டயர் ஆயிடறேன்" என்றார்.

துருவியின் முறை வருவதற்கு முந்தின சாயங்காலம் அவள் கணவனின் கடைக்குப் போயிருந்தாள். அவன் ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குத் திருகு போட்டுக்கொண்டிருந்தான்.

"நான் போறேன்னு சொல்லலாம்னு இருக்கேன்" என்றாள்.

"சொல்லு."

"கடை?"

"கண்ணு மங்கினவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க." திருகை இறுக்கிவிட்டு நிமிர்ந்தான். "ஆறு மாசம் கழிச்சு வரேன். அதுவரைக்கும் நீ அங்க யாரையும் கேள்வி கேட்டே கொன்னுடாதே."

அவள் சட்டை மாற்றிக்கொண்டாள். புதுச் சட்டை தோளில் தொளதொளவென்று நின்றது. ஆறு ஹெலிகாப்டர்களும் வாலில் எழுதிய எண் மாறி, வரிசையாகக் கிளம்பிப் போயின. இரண்டாவதை அவள் ஓட்டினாள். கீழே ஓடுபாதை ஓரத்தில் வின்ச் அண்ணன் கையாட்டினாரா, வெயிலுக்குக் கண்ணை மறைத்தாரா என்று மேலிருந்து தெரியவில்லை.

புது இடத்தில் தரைப்படை வழக்கம் ஒன்று இருந்தது. புதிதாக வரும் விமானி முதலில் ஒரு காலாட்படைப் பிரிவோடு மலையேறி, மூட்டை சுமந்து, அவர்களோடு தங்க வேண்டும். பறப்பது அதற்கப்புறம்தான். விமானப்படையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவள் உடனே சரி என்றாள். இரண்டாம் நாளே காலில் கொப்புளம் வந்துவிட்டது. இருந்தாலும் சாப்பாடு எங்கிருந்து வருகிறது, ரேடியோவை யார் சுமப்பது, மழை வந்தால் எங்கே படுப்பது என்று கேட்டுக்கொண்டே நடந்தாள்.

கடைசி நாள் காலை, ஒரு மேட்டில் உட்கார்ந்து தங்களை அழைத்துப்போக வரும் ஹெலிகாப்டருக்காகக் காத்திருந்தார்கள். முதலில் சத்தம் வந்தது. பள்ளத்தாக்கு முழுக்க அதிர்ந்தது, ஆனால் வானத்தில் ஒன்றுமில்லை. அவள் எழுந்து நின்று நாலாபக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடம் ஓட்டியும், கீழே காத்திருக்கிறவருக்குச் சத்தம் எல்லாத் திசையிலிருந்தும் வருவதுபோல் கேட்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. மற்றவர்கள் யாரும் நிமிரக்கூட இல்லை. மூட்டையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?" என்று பக்கத்துச் சிப்பாயிடம் கேட்டாள்.

"வந்தா தெரியும் மேடம்" என்றான் அவன். "அதுக்கு முன்னாடி தொப்பியைக் கழட்டிச் சட்டைக்குள்ள வைங்க. இவங்க இறங்கும்போது எல்லாத்தையும் பறக்க விட்டுடுவாங்க. ஒருத்தருக்கும் நம்ம ஞாபகமே இருக்காது."

அவள் தொப்பியைக் கழற்றி மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். பிறகு அவன் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து, "இதுவரைக்கும் எத்தனை தொப்பி போச்சு?" என்று கேட்டாள்.