போயிட்டு வந்த சைக்கிள்கள்

1994 ஐப்பசியில், மாசாணம் திருடிய சைக்கிள்கள் மூன்றும், உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட அதே வாரம், தாமாகவே கிளம்பி உக்கடத்தில் அவன் குடியிருந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டன. கிணத்துக்கடவு காளிச்சாமியின் சைக்கிள் மட்டும் சற்றுத் தாமதம். தூரம் அதிகம், பின் டயரில் காற்றும் குறைவு. அவன் மறுபடி திருடிவிட்டதாகப் போலீஸார் எழுதிக்கொண்டார்கள். பாவம், அவர்களும் வேறென்னதான் எழுதுவார்கள்?

இருபது வயதுதான் என்பதால் மாசாணத்தைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் அவன் நன்னடத்தை அலுவலர் வெங்கடலட்சுமியின் முன்னால் உட்கார்ந்து புத்திமதி கேட்டுப் போக வேண்டும். அவரும் முதலில் அவனை நம்பவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அவன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே மூன்று சைக்கிள்களும் ஆளில்லாமல் கேட்டுக்குள் நுழைந்து, வேப்பமர நிழலில் வரிசையாக ஸ்டாண்டு போட்டு நின்றதைப் பார்த்தபிறகு நம்பினார். நீதிபதியிடம் போய்ச் சொல்லவும் செய்தார். சைக்கிள் தானாக வருவதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் அது வருகிற இடத்திலெல்லாம் இவன் இருக்கிறானே என்றார் நீதிபதி. பொங்கலுக்குப் பிறகும் வந்தால் கண்காணிப்பை ரத்து செய்து உள்ளே தள்ளிவிடுவேன் என்றும் சொன்னார். மாசாணத்துக்கு அப்போதுதான் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை கிடைத்திருந்தது. உள்ளே போனால் எல்லாம் போச்சு.

"அதுககிட்ட என்னதாம்ப்பா சொன்னே?" என்று வெங்கடலட்சுமி கேட்டார்.

"கோர்ட்டுல குடுக்கறப்போ போயிட்டு வாங்கன்னு சொன்னனுங்க மேடம். வேறொண்ணும் சொல்லலீங்க."

"திருட்டுச் சைக்கிளுக்கு என்ன மரியாதை வேண்டிக் கெடக்குது?"

"திருடறப்பவே, ஏனுங்க, போலாமுங்களான்னு கேட்டுப்போட்டுத்தானுங்க எடுத்தேன்."

கோபக்காரர்களையும் பொய் சொல்கிறவர்களையும் வழிக்குக் கொண்டுவர வெங்கடலட்சுமிக்குச் சென்னையில் பயிற்சி கொடுத்திருந்தார்கள். மரியாதை முற்றிப்போனவனை என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. 'போ' என்று மட்டும் சொல்லப் பழக்கினார். கார்த்திகை முழுக்கப் பயிற்சி நடந்தது. மாசாணம் கண்ணை இறுக மூடிக்கொண்டு 'போ' என்பான்; வாய் தானாக 'ங்க' சேர்த்துக்கொள்ளும்; மூச்சு விடுவதற்குள் அது 'போயிட்டு வாங்க' ஆகிவிடும். பயிற்சி முடிந்ததும், "செரி, போயிட்டு அடுத்த வாரம் வா" என்று வெங்கடலட்சுமியே அவனை அனுப்பிவைப்பார். அவர் வீட்டில் பேசுகிற தெலுங்கிலும் போய்வருவதுதான் உண்டே தவிர வெறுமனே போவது கிடையாது.

மார்கழியில் சூலூரில் ஒரு சாவுக்குப் போய்விட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறியபோதுதான் அவருக்கு உறைத்தது.

"எழவு ஊட்டுல இருந்து கெளம்பறப்போ என்ன சொல்லுவே?" என்று மாசாணத்தைக் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லமாட்டனுங்க. திரும்பிப் பாக்காம வந்துருவனுங்க."

"அதையே செய்யி."

பொங்கலுக்கு முன்பு உரியவர்களை வரவழைத்தார்கள். மாசாணம் சைக்கிள்களை ஒப்படைத்தான். ஒரு வார்த்தை பேசாமல் நடந்தான். பின்னால் மூன்று மணிகளும் விடாமல் அடித்தன. காளிச்சாமியின் சைக்கிளில் மணியே கிடையாது, அதுவும் அடித்தது. மாசாணம் தேம்பித் தேம்பி அழுதானே ஒழியத் திரும்பிப் பார்க்கவில்லை. சைக்கிள்கள் பிறகு வரவில்லை, அவனும் உள்ளே போகவில்லை. தன் வண்டி என்ன மிதித்தாலும் துக்க வீட்டுக்குப் போகிற மாதிரியே போகிறதென்று காளிச்சாமி கொஞ்ச நாள் குறைபட்டுக்கொண்டார்.

1996 சித்திரையில் கண்காணிப்பு முடிந்தது. அந்த அலுவலகத்துக்கு ஒருவன் திரும்பி வருகிறான் என்றால் மறுபடி தப்புச் செய்திருக்கிறான் என்று அர்த்தம். அதனால் மாசாணத்தை எதுவும் சொல்லாமல் அனுப்பிவிட வேண்டுமென்று வெங்கடலட்சுமி முடிவு செய்திருந்தார். அவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, "வாரேனுங்க மேடம்" என்று கைகூப்பினான். உயிரோடு நிற்கிற பிள்ளையை எழவு வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி எப்படி அனுப்புவது?

"போயிட்டு வா, கண்ணு" என்றுவிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, பட்டறையிலிருந்த மாசாணத்தின் கால்கள் அவனைக் கேட்காமலே கிளம்பின. பட்டறைக்காரர் நாலு வாரம் பார்த்துவிட்டுச் செவ்வாய்க்கிழமையையே அவனுக்கு லீவாக்கிவிட்டார். கல்யாணத்துக்கு மறுநாள் செவ்வாயாகப் போய்விட்டதால் புதுப்பெண்ணும் கூடவே நடக்க வேண்டியதாயிற்று. வெங்கடலட்சுமியை ஈரோட்டுக்கு மாற்றியபோது கால்கள் ஒரு வாரம் குழம்பின. பிறகு பஸ் ஏறப் பழகிக்கொண்டன. ஒரே ஒரு முறை வாயைத் திறக்காமல் அனுப்பினால் எல்லாம் நின்றுவிடும் என்பது வெங்கடலட்சுமிக்குத் தெரியும். வாராவாரம் அவனுக்கு டீ சொல்கிறார். குடித்து முடித்து எழுந்ததும், "போயிட்டு வா, கண்ணு" என்கிறார்.