மூன்றாம் மாடிக் காட்டுவள்ளி

என் காட்டுவள்ளிக் கொடியை வெட்டச் சொல்லிப் பிளாட் கமிட்டிக்குக் கடிதம் எழுதியவர் மேல்மாடி ஹெக்டர். வாசித்ததும் எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. ‘விஷச் செடி. பிள்ளைகள் குடியிருக்கும் கட்டடத்துக்கு ஆபத்து.’ கீழே வடிவான கையெழுத்து. துறைமுகத்தில் தலைமை எழுதுவினைஞராக இருந்த மனுஷன், கையெழுத்துக்கு என்ன குறை?

கொட்டாஞ்சேனையில் எங்கள் பிளாட்டில் மண் என்று சொல்ல ஒரு பிடி கிடையாது. பெயின்ட் வாளியில் ஓட்டை போட்டு, தேங்காய்த் தும்புத்தூளும் மாட்டெருவும் கலந்து, மூன்று வருடமாக அந்தக் கொடியை வளர்க்கிறேன். வருடத்தில் சில மாதம் அது முழுதாகக் காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று இரக்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே கிழங்கு அழுகிவிடும். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். மழை விழுந்ததும் முளை வரும், பிறகு ஒரு நாளைக்கு ஒரு சாண் ஏறும். காஸுக்கும் அரிசிக்கும் நாடே அல்லாடிய இந்த 2022 ஆடி மாதம் அது நான் கட்டிய கயிறும் போதாமல் ஹெக்டரின் பல்கனிக் கம்பியையும் சுற்றிக்கொண்டது. இலைக்கு இலை, சின்ன உருளைக்கிழங்கு மாதிரிக் காய்க்கிழங்குகள் தொங்கின.

எண்ணி வைத்திருந்தேன். பெரிய காய்கள் பதினொன்றைக் காணவில்லை. மேல் பல்கனிப் பக்கத்துக் காய்கள் மட்டும்தான். எனக்குப் புரியாதா? படிக்கட்டுச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினேன்: ‘கிழங்கு களவெடுத்த ஆளுக்கு. வெட்கமில்லையா? யோசெப்பின், மூன்றாம் மாடி.’

அதற்கு மூன்றாம் நாள்தான் இந்தக் கடிதம். களவும் எடுத்து, எனக்கே தீர்ப்பும் எழுதுகிறாராம்!

ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கீழே கார் நிறுத்துமிடத்தில் கூடினார்கள். கமிட்டிச் செயலாளர் நிலாம். கீழே ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர், ஒருவரையும் பகைக்க மாட்டார்.

“மிஸ், ஹெக்டர் அய்யா சொல்றாரு இது விஷமாம். என்ன செய்வம்? வெட்டுவமா?”

“சொல்லட்டும், கேப்பம்” என்றேன்.

ஹெக்டர் எழுந்தார். அயன் பண்ணிய நீளக்கை சேர்ட். பக்கத்தில் மனைவி லவினா.

“எனக்குத் தெரிஞ்ச ஒராள் இதைச் சாப்பிட்டு இரவு முழுக்க வாந்தி. தொண்டையெல்லாம் அரிப்பு. நாளைக்கு ஒரு பிள்ளை திண்டா ஆர் பொறுப்பு?”

தெரிஞ்ச ஒராளாம்! எனக்குப் பொறுக்கவில்லை. இருபத்தெட்டு வருடம் வகுப்பில் கத்திய தொண்டை இது.

“பிழை கிழங்கிலயோ? அரை அவியலாத் திண்டா அப்பிடித்தான் செய்யும். தோலைச் சீவி, சாம்பல் போட்டு, மூண்டு தரம் தண்ணி மாத்தி, ஒண்டரை மணித்தியாலம் அவிக்க வேணும். அவிக்கத் தெரியாதவனுக்குக் களவு மட்டும் தெரியுமோ?”

“ஒண்டரை மணித்தியாலம் அவிக்கிறதுக்குக் காஸ் எங்க இருக்கு மிஸ்?” என்று கத்தினார் ஹெக்டர்.

கத்திய பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. எல்லோருக்கும் விளங்கியது. நிலாம் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தபடி நின்றார். ஹெக்டரின் சேர்ட் கொலர் கழுத்தைவிட்டு இரண்டு விரல் தள்ளி நின்றதை அப்போதுதான் கண்டேன்.

கள்ளன் தன் வாயாலேயே பிடிபட்டுவிட்டான். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ ஆத்திரம் இன்னும் கூடியது. நாற்பது வருடம் உழைத்த மனுஷனை என் கொடியில் திருட விட்ட இந்த நாட்டின் மேல் ஆத்திரம். அவர் மேலும் ஆத்திரம்.

“வெட்டச் சொல்றவங்க கையத் தூக்குங்க” என்றார் நிலாம், மெல்ல. ஒரு கையும் எழவில்லை. ஹெக்டரும் தூக்கவில்லை. கொடி தப்பியது.

ஆனால் என் வாய் அடங்கவில்லை. “என்ர கதவைத் தட்டியிருக்கலாமே, மிஸ்டர் ஹெக்டர்! என்னட்ட மரத்தூள் அடுப்பு இருக்கு. அவிச்சே தந்திருப்பனே! தட்டினா நானென்ன கடிச்சா விழுங்கிப்போடுவன்?”

லவினாதான் தலையை நிமிர்த்தினாள்.

“தட்டினனான் மிஸ். போன மாசம், ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு சுண்டு அரிசி கேக்க வந்தனான். நீங்க கதவைத் திறக்காமலே, ‘ஒண்டும் வேண்டாம், போங்கோ’ எண்டு சொன்னீங்க.”

சாமான் விற்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது அது. சொல்லியிருப்பேன். எனக்கு அந்த வெள்ளிக்கிழமை நினைவிலேயே இல்லை.