அண்ணி எண்ணிய முட்கள்

பிரபாகருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையிலிருந்து வாசலுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் எத்தனை நடை நடந்தான் என்று மாட்டைத்தான் கேட்க வேண்டும். உள்ளே அவனுடைய லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, அண்ணி கலைமதி எலி மூளையின் நரம்பு முட்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பெங்களூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் மூளைச் செல்களோடு எட்டு வருஷம் மல்லுக்கட்டியவன் அவன். நரம்புக் கிளைகளில் நுண்ணிய முட்கள் உண்டு. ஒரு செல்லின் சேதியை அடுத்த செல் வாங்கிக்கொள்வது அவற்றின் வழியாகத்தான். மறதி நோய் வந்தால் அவை உதிர்ந்துவிடும். தன் மருந்தைக் கொடுத்தால் எலிகளுக்கு முட்கள் மறுபடி முளைக்கின்றன என்று ஓர் ஆய்வுப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதி அனுப்பியிருந்தான். அது அச்சேறினால் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் ஜூன் மாதத்தோடு ஆய்வுக்கூடத்துக்கு ஒரு கும்பிடு. முப்பத்தாறு வயதில் வேறு எங்கே போய் நிற்பது?

பத்திரிகையிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் வந்தது. எந்த மைக்ரோஸ்கோப் படம் மருந்து கொடுத்த எலியுடையது என்று தெரியாத ஒருவர் எண்ணிப் பார்த்தாரா? இல்லை. எண்ணியது அவனேதான், எந்த எலி என்று சொல்லும் படப் பெயரைப் பார்த்துக்கொண்டேதான். அப்போது அவ்வளவு அவசரம். பதில் சொல்ல ஒரு வாரம் கெடு. அவனோ மாரியம்மன் பண்டிகைக்குச் சொந்த ஊரான இண்டூருக்கு வந்திருந்தான். கூட வேலை செய்பவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள்.

கலைமதி வீட்டில் பட்டுப்புழு வளர்ப்பவள். ஆயிரம் கூட்டைக் கொட்டினாலும் சொத்தைக் கூடு ஒன்றுகூட அவள் கண்ணுக்குத் தப்பாது. நூற்றிருபது படங்களின் பெயரையும் கம்ப்யூட்டரைக் கொண்டே மாற்றிக் கலைத்துவிட்டு, எது முள், எது வெறும் புள்ளி என்று பழைய படங்களில் காட்டிக்கொடுத்து, அவளை உட்கார வைத்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் நோட்டை நீட்டினாள். "முடிச்சிட்டேன் தம்பி. ஒருக்கா பாத்துக்கங்க."

எண்களை ஏற்றிவிட்டு, மறைத்த பெயர்களைத் திறந்தான். மருந்து கொடுத்த எலிக்கும் கொடுக்காத எலிக்கும் வித்தியாசமே இல்லை. எட்டாவது படித்தவளுக்கு என்ன தெரியும் என்றுதான் முதலில் தோன்றியது. கேவலமான நினைப்பு, ஆனாலும் வந்தது. பெயர்களை மறுபடி மறைத்து, கைக்கு வந்த பத்துப் படங்களைத் தானே எண்ணினான். ஒன்றிரண்டு முன்னே பின்னே, அவளுடைய கணக்கேதான் வந்தது. மருந்து கொடுத்த எலி என்று தெரிந்தபோது மங்கலான புள்ளியையெல்லாம் முள்ளாகச் சேர்த்திருக்கிறான். பொய் எழுத வேண்டும் என்று அவன் நினைத்ததே இல்லை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

இந்த நோட்டைக் கிழித்துப் போட்டால் யாருக்குத் தெரியும்?

"என்ன தம்பி, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குது? நான் தப்பா எண்ணிட்டனா?" என்றாள் கலைமதி.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டான்.

"என்னால உங்க வேல கெட்டுப்போகக் கூடாது. எத்தன வரணும்னு சொல்லுங்க, அதுக்குத் தக்கன பாத்து மறுக்கா எண்ணித் தரேன்" என்றாள் அவள், மெய்யான அக்கறையோடு.

பிரபாகருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"வேண்டாங்க அண்ணி. நீங்க எண்ணுனதுதான் சரி. நான்தான் எத்தன வரணும்னு வெச்சுக்கிட்டு எண்ணிட்டேன்."

லேப்டாப்பை இழுத்து, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று ஆய்வுக்கூடத் தலைவரான பேராசிரியருக்கு எழுதத் தொடங்கினான்.