திரையில் விழுந்த குத்து

ஆரின் எறிந்த நாற்காலி சுவரில் மோதி உடைந்தது. ஃபுளோரிடாவின் அந்த ஆசிரியர் கல்லூரியில் யாரும் பதறவில்லை. எட்டு வயது ஆரின் பெரிய திரையில் கணினி வரைந்த பையன். சிறப்புக் கல்வி ஆசிரியராகப் போகிறவர்கள் நிஜப் பிள்ளைகளிடம் போகும் முன் இந்தத் திரை வகுப்பில்தான் பழகவேண்டும். பக்கத்து அறையிலிருந்து லோர்னா என்பவள், எதிரே நிற்பவரைக் கேமராவில் பார்த்தபடியே ஆரினுக்குக் குரல் கொடுத்து ஆட்டிவைப்பாள்.

எதிரே நின்றவன் வெண்டல். பல வருடம் சிறைக் காவலனாக இருந்தவன். பேராசிரியை கிரேஞ்சர் அங்கேயே நின்று வைக்கும் இன்றைய தேர்வில் தேறிவிட்டால் திங்கட்கிழமை ஒரு பள்ளியில் அவனுக்கு வகுப்பு.

திரை வகுப்பில் அபாய மணி அலறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் தாங்காமல்தான் ஆரின் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். வெண்டலோ சிறையில் செய்ததையே செய்தான். உட்காரச் சொல்லி அதட்டினான். கேட்கவில்லை என்றதும் இன்னும் உரக்க அதட்டினான். ஆரின் நெற்றியை மேசையில் மடேர் மடேரென்று மோதிக்கொண்டான். பக்கத்துப் பிள்ளைமேல் கத்தரிக்கோலை வீசினான். பாவி மனுஷன், மணியை நிறுத்தச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்!

வெண்டலுக்குக் கண்மண் தெரியாத கோபம். பாய்ந்து போய் ஆரினின் முகத்திலேயே ஓங்கிக் குத்தினான். திரை நொறுங்கியது. முழங்கை வரை ரத்தம் வழிந்தது.

பக்கத்து அறைக் கதவைத் திறந்துகொண்டு லோர்னா வந்தாள். கையைத் துணியால் சுற்றிக்கொண்டே வெண்டல் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான்.

"படம்தானே மேடம், அதுக்கு வலிக்கவா போகுது?"

"படத்துக்கு வலிக்காது. எனக்குத்தான் குலை நடுங்கிடுச்சு. நடுவுல சுவர் இருந்தும் மேசைக்கு அடியில போய் ஒளிஞ்சேன். திங்கக்கிழமை உங்க முன்னாடி நிக்கப்போற பிள்ளைக்குச் சுவர் ஏது?"

வெண்டலின் சிரிப்பு அடங்கிவிட்டது. வளர்ந்த பெண்ணையே மேசைக்கு அடியில் ஒளியவைத்திருக்கிறோம் என்று நினைக்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது. பேராசிரியை கிரேஞ்சர் பக்கம் திரும்பினான்.

"என்னை அனுப்பாதீங்க மேடம். அந்தப் பையன் முரண்டு பிடிக்கல, பயந்திருக்கான். பயந்த பிள்ளையை இன்னும் பயமுறுத்தி உட்கார வைக்கிறவன் வாத்தியார் இல்ல, காவல்காரன். முதல்ல என் கையை அடக்கக் கத்துக்கிறேன். அதுக்கப்புறம் பிள்ளைங்ககிட்ட போறேன்."